என் நாற்காலிக்கு ஒரு ரிசர்வ் ஆள்

இப்போது ஜனங்களுக்குப் பொறுமை இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் ஒருத்தன் வந்து நின்றுவிடுகிறான். அவன் மூச்சு நம் பிடரியில் படுகிறது. சோறு இறங்குமா?

மண்டபத்தில் நின்றாலும் தொலையட்டும். என் வீட்டில், என் நாற்காலிக்குப் பின்னால், பொங்கலிலிருந்து ஒருத்தன் நிற்கிறான். பெயர் தவசிலிங்கம். ரிசர்வ் காலாட்படை பிரிகேடைச் சேர்ந்தவன். எனக்கு ரிசர்வாக அனுப்பியிருக்கிறார்கள்.

அவன் வேலை நிற்பது. நான் இல்லாமல் போனால் உட்கார்வது. துப்பாக்கி கிடையாது. ஒரு டம்ளர் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கடைக்குப் போனால் பின்னால் வருவான். கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பான். என் பெண்டாட்டி செண்பகவல்லி அவனுக்குத்தான் முதலில் காப்பி கொடுப்பாள்.

“பாவம், விடிஞ்சதுலேர்ந்து நிக்காரு. நீங்க உக்காந்துதான இருக்கீக.”

மாதக் கடைசியில் சனியும் ஞாயிறும் அவனுக்குப் பயிற்சி. முதல் தடவை போய்விட்டு வந்தபோது என் இருமல் அவனுக்கு வந்திருந்தது. அடுத்த தடவை என் நடை. போன மாதம் வந்ததும் ரசத்தை மோந்து பார்த்துவிட்டு, “உப்பு பத்தல” என்றான். அது நான் சொல்ல வேண்டியது. சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். செண்பகவல்லி உப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இப்படியே விட்டால் வீடு கை மாறிவிடும். ஆளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று பிரிகேடுக்குக் கிளம்பினேன். இடம் போகாமல் இருக்க நாற்காலியில் என் துண்டைப் போட்டேன். பஸ்ஸாகட்டும் பந்தியாகட்டும், துண்டு கிடந்தால் எவனும் உட்கார மாட்டான். இந்தக் காலத்திலும் அந்த ஒரு மரியாதை மிச்சம் இருக்கிறது.

அன்றைக்குத் தவசிலிங்கம் என் பின்னால் வரவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

பிரிகேடு ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பட்டாளம் உட்கார்ந்து சாப்பிட்டது. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ரிசர்வ் ஆள் நின்றான். நான் நடக்க நடக்கக் கூடம் நீண்டது. சாம்பார் வாளிக்காரன் எனக்கு முன்னால் ஓடினான். அவனுக்குப் பின்னால் காலி வாளியோடு இன்னொருத்தன் சும்மா ஓடினான்.

ஒரு வழியாகக் கோடி வந்தது. சுபேதார் இருளாண்டி மீசையில் மோர் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

“எம் பின்னாடி எதுக்கு ஓய் ஆளை நிறுத்தினீரு?” என்று கேட்டேன்.

“காலி இடம் இருக்கக் கூடாது அண்ணாச்சி. பத்துப் பேரு ஒரு செக்‌ஷன். மூணு செக்‌ஷன் ஒரு பிளட்டூன். மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி. நாலு கம்பெனி ஒரு பட்டாலியன். மூணு பட்டாலியன் எங்க பிரிகேடு. முன்னாடி எவன் குறைஞ்சாலும் பின்னாடி நிக்கவன் உக்காருவான்.”

“சண்டைக்குப் போறவன் குறைவான். நான் எங்க குறையப் போறேன்?”

“அது குறைஞ்ச பொறவுதான் தெரியும்.”

“நான் நல்லாத்தான் இருக்கேன். ஆளைத் திருப்பி எடும்.”

அவர் என் தோளைப் பார்த்தார். “துண்டு எங்க?”

“நாற்காலியில போட்டுட்டு வந்திருக்கேன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த வரிசை முழுவதும் கையை நிறுத்தியது.

“நீங்களேதான் போட்டீகளா? வேற யாரும் எடுத்துப் போடலியே?”

“நான்தான் போட்டேன்.”

“அப்பச் சரி. துண்டு கிடந்தா ஆள் எந்திரிச்சாச்சு. உக்காந்திருக்கவன் துண்டு போட மாட்டாம்லா?”

படித்தவன் பேச்சு மாதிரி இருந்தது. எங்கேயோ தப்பு இருக்கும்.

“இங்க ஒரு இடம் காலிதான்” என்றார். “உக்காந்து சாப்பிடுதீகளா? சாயங்காலம் எல்லைக்கு லாரி போகுது.”

“வேண்டாம். எம் பொண்டாட்டி ஆக்கி வச்சிருப்பா.”

“வச்சிருப்பாக” என்றார்.

வீட்டுக்குத் திரும்பினேன். தவசிலிங்கம் என் நாற்காலியில் இருந்தான். என் துண்டு அவன் தோளில். என் தட்டில் ரசச் சோறு. இருமினான். எனக்கு இருமிப் பார்த்தும் வரவில்லை.

செண்பகவல்லி நிமிர்ந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. செத்த நில்லுங்க. இவுக இப்ப எந்திரிச்சிருவாக.”

“ஏட்டி, நான் மாடக்கண்ணு.”

“இவுகளும் அதான்” என்றாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கால் ஓய்ந்துபோயிருந்தது. என் மூச்சு அவன் பிடரியில் பட்டது. அவன் அவசரப்படவில்லை. மோர் கேட்டான். ஊறுகாய் கேட்டான். மறுசோறு கேட்டான். பிறகு திரும்பாமலேயே சொன்னான்.

“இப்ப ஜனங்களுக்குப் பொறுமை இல்ல, செம்பகம்.”

“நீங்க சாப்பிடுங்க” என்றாள்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருவோடு நடந்தேன். துண்டு போட்டால் எழுந்ததாகுமாம். எந்த ஊர் நியாயம்?

பின்னால் யாரும் வருகிற சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை என்று நான் நம்பிவிடுவேனா?