உள்தாழ்ப்பாள்

செத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, ஒரு டீ கிடைக்குமாண்ணே என்று கேட்கிறான், சட்டையெல்லாம் சிவப்புச் சாயம், கழுத்தில் ஒட்டிவைத்த அரிவாள் வெட்டு அப்படியே இருக்கிறது, இன்னொரு தடவை போவோம் என்று டைரக்டர் சொன்னதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருமுனைக்கு நடக்கிறான், மறுபடி ஓடிவர, மறுபடி சாக, ஞானம் தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், இவனுக்கு மட்டும் கேட்ட போதெல்லாம் உயிர் வருகிறது, தான் பெற்றவனுக்கு ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபோது அந்தப் பையன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது, அவன் என்ன செய்வான் பாவம், வயிற்றுப்பாட்டுக்குச் சாகிறான்.

வாரம் ஒரு கொலையை எடுத்து, ஆள் பெயரை மட்டும் மாற்றி நாடகமாகக் காட்டுகிற டிவிக்காரர்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்த அவள் மகன் ரீகன் கொலைக்காகத் தூத்துக்குடிக்கு வந்திருந்தார்கள், நடந்த தெருவிலேயே, அவன் தட்டிய கதவிலேயே எடுத்தால்தான் உயிரோட்டமாக இருக்கும் என்று டைரக்டர் தம்பி வந்து கெஞ்சினார், திருந்தி வாழ நினைச்ச பையனுக்கு இந்த உலகம் ரெண்டாவது வாய்ப்பே குடுக்கலைன்னு காட்டப் போறோம்மா என்றார், அந்தச் சொல்லில்தான் அவள் விழுந்தாள். வாய்ப்பா, அதைக் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோனவள் அவள், ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறாள், மாதா கோயிலில் அவனை முட்டி போடவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், மறு வாரமே எவன் மண்டையையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பான், நாய் வாலை நிமிர்த்த முடியுமா ஞானம் என்று அக்கம்பக்கம் சிரிக்கும், கடைசியாக ஜெயிலிலிருந்து வந்தவன் அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்து, யம்மா, இனிமே லாஞ்சுக்குப் போறேன், எந்த வம்புக்கும் போமாட்டேன் என்கிறான், தட்டில் மீனை எடுத்துவைத்தபடியே அவள், இது எத்தனாவது சத்தியம்ல என்று கேட்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், ஆனால் அந்தத் தடவை அவன் போனான், சொன்னபடியே கடலுக்குப் போனான், விடியுமுன் எழுந்தான், குடியை விட்டான், அவன் திருந்தியது அவளுக்குத் தெரிந்தது, பழைய பகைக்குத் தெரியவில்லை.

கொலை நடந்த அன்றைக்கு நல்ல மத்தியானம், மகள் ஜெனோவா பேறுகாலத்துக்கு வந்து நிறைமாத வயிற்றோடு பாயில் கிடக்கிறாள், தெருவில் யாரோ ஓடிவருகிற சத்தம், யம்மா, கதவத் தொற, யம்மா, ஞானம் பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், ஜன்னல் வழியாகத் தெரிகிறது, அவனுக்குப் பின்னால் அரிவாளோடு வருகிறார்கள், திறந்தால் அவன் வருவான், அவனோடு அவர்களும் வருவார்கள், ஜெனோவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொற யம்மா, அண்ணன் நிக்கான், தொற என்று கத்துகிறாள், ஞானம் அந்த வயிற்றைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்ற தாயைப் பார்த்தான், அதன்பிறகு அவன் தட்டவில்லை.

தொறக்கதுக்குள்ள வெட்டிட்டாவ என்று போலீசிடம் சொன்னாள், ஊர் நம்பியது, தெருவில் இருந்த அத்தனை வீடும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டதால் நம்புவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, நாடகக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டு, தாய் கதவைத் திறக்கிறாள், வெட்டுப்பட்டவன் அவள் மடியில் சாய்கிறான் என்று எழுதிவிட்டார்கள், ஜெனோவா ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் வருவாள், சமைப்பாள், துணி துவைத்துக் கொடுப்பாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள், ஒரே ஒரு தடவை, பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்கு, என்னயச் சாக்கா வைக்காதம்மா, நான் தொறக்கத்தான் சொன்னேன் என்றாள், அந்தச் சொல் இன்னும் ஞானத்தின் நெஞ்சில் மீன்முள்ளாக நிற்கிறது.

தாயாக நடிக்க வந்த அம்மாவின் கை மெழுகு மாதிரி இருந்ததுதான் வினையாகப் போனது, கேமராவில் பார்த்துவிட்டு டைரக்டர் முகம் சுளித்தார், அம்மா, கை மட்டும் நீங்க குடுங்கம்மா, பையன் வந்து தட்டுவான், நீங்க தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தா போதும், மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க என்றார், ஞானம் சரி என்று தலையாட்டினாள், உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது, நடிப்பிலாவது ஒரு தடவை திறந்துவிட்டால் இந்தக் கை ஆறிப்போகாதா என்று இருந்தது, ஜெனோவாவும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஷூட்டிங் பார்க்க வந்த அவள் மகள் ஷைனியும் பின்னால் சுவரோரம் நின்றார்கள்.

ஓடிவருகிற சத்தம் கேட்கிறது, அதுவரை அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்த பையனுக்கு யாரோ ஊர்ப்பேச்சைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், யம்மா, கதவத் தொற, யம்மா என்கிறான், ஞானத்தின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது, வெளியே நிற்பது ஊரார் பெற்ற பிள்ளை, பின்னால் வருவது அட்டை அரிவாள், எல்லாம் தெரிகிறது, கை மட்டும் நகரவில்லை, திறங்கம்மா, திறங்க என்று டைரக்டர் குரல், தொற யம்மா, சும்மா நடிப்புதான, இப்பவாவது தொறயேன் என்று ஜெனோவா அழுகிற குரலில் சொல்கிறாள், ஞானம் திரும்பிப் பார்த்தாள், அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்தது இன்று இரட்டைச் சடையோடு பயந்துபோய் நிற்கிறது, மாட்டேன்ட்டி, அவனே திரும்ப வந்து நின்னாலும் தொறக்க மாட்டேன், நான் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன், தொறக்கதுக்குள்ள வெட்டிட்டாவன்னு, இல்லட்டி, நான் உன்னயத்தான் எடுத்தேன், அவன விட்டுட்டேன், நீ என்னய எவ்வளவு வேணும்னாலும் வெறுத்துக்கோ என்றாள்.

ஜெனோவா ஷைனியை இழுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள், பிறகு கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளையோடு மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள். வெளியே அந்தப் பையன், கட் சொல்லாததால், யம்மா யம்மா என்று தட்டிக்கொண்டே இருந்தான், ஞானம் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.