எழுந்து போகிற வித்தை

சர்வேயர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தம் கேட்டதும் அவர் மனைவி மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருபத்தெட்டு வருடமாகக் கேட்கிற சத்தம். துணிக்கடை, கட்டில் பீரோ விற்கிற கடை, மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற ஜன்னல் என்று இந்த மனிதர் எழுந்து போகாத இடம் பாக்கியில்லை. இப்போது கார் கடை. அதுவும் தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமை.

"உங்களுக்குக் கட்டுப்படியாகலைன்னா விட்டுடுங்கம்மா, பரவாயில்லை," என்று எதிரே இருந்த விற்பனைப் பெண்ணிடம் சொன்னார். குரலில் கோபம் கிடையாது. கோபம் காட்டினால் வித்தை கெட்டுப்போகும் என்பது அவருடைய முதல் பாடம். அவர் கிளம்பும்போது மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் மேஜை ஓரத்தில், நாள்காட்டிக்குப் பின்னால் கிடந்தது. மறதியெல்லாம் இல்லை. எழுந்து போகிறவன் திரும்பி வருவதற்கு ஒரு சாக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இரண்டாவது பாடம். கடைக்காரன் கூப்பிட்டால் நல்லது. கூப்பிடாவிட்டால் பத்து நிமிடம் கழித்து, 'கண்ணாடிக் கூட்டை விட்டுட்டேன் போலிருக்கே' என்று மானம் மரியாதையோடு உள்ளே போகலாம். அந்தக் கூட்டுக்குள் கண்ணாடியே இருக்காது. அது எப்போதும் அவர் மூக்கின் மேல்தான் இருக்கும்.

அவளும் எழுந்தாள். எழுந்துதான் ஆக வேண்டும். கணவன் வாசலை நோக்கி நடக்கும்போது மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஆட்டமே கலைந்துவிடும். போகிற போக்கில் அந்தக் காரை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். செங்கல் நிறம், சின்ன வண்டி, கதவு அகலமாகத் திறக்கும். முழங்காலை அதிகம் மடக்காமலே ஏறி உட்காரலாம். பழைய விலைக்கு அது ஒன்றுதான் மிச்சம் என்று விற்பனைப் பெண் முதல் சனிக்கிழமையே சொல்லிவிட்டாள். மற்றவையெல்லாம் புது விலை. அதற்கும் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். "எல்லாக் கடையிலயும் இதைத்தான் சொல்வாங்க," என்று சர்வேயர் அதை ஒரே ஊதாக ஊதித் தள்ளிவிட்டார்.

அவளுக்கு நாலு மாதம் கிடையாது. நாலு நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். இருபத்தாறு வருடம் வார்டில் நின்று நின்று முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்க்கிற பிரிவுக்கு அவளை மாற்றியிருந்தார்கள். பகல் வேலை மட்டும். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம், அதில் பாதி உட்கார்ந்துகொண்டு. ஒரே ஒரு நிபந்தனை: சொந்த வண்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும், இவள் மறுபடி வார்டு, மறுபடி நின்ற நிலை. இதற்காகவே ஐம்பத்தொரு வயதில் வண்டி ஓட்டக் கற்று, நாலாவது முறையில் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். காசும் அவளுடையதுதான். உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, இடிக்குப் பயந்து என்ன செய்வது என்று கற்றுக்கொண்டவளை, இந்த மனிதர் தரை விரிப்புக்கும் சீட் உறைக்கும் நடக்கிற பேரத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்.

குடும்பத்தில் அவருக்குக் 'கடைசி விலை' என்று பெயர். தம்பி பிள்ளைகள் 'கடைசி விலை பெரியப்பா' என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவருக்கு அதில் பெருமைதான். யார் வீட்டில் என்ன வாங்கினாலும் அவர் இல்லாமல் கடைவாசல் மிதிப்பதில்லை. நிலத்தை அளந்து அளந்து பழகிய கண். எதிரே இருப்பவன் இன்னும் எத்தனை அடி பின்னால் போவான் என்று பார்த்த பார்வையில் சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. அதனால் இந்த மூன்று வாரமும் மனிதர் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். காலையிலேயே எழுந்து முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரைத் துடைத்து வைத்து, அவளுக்கு முன்னால் தயாராகிவிடுவார். அதைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

புறப்படுமுன் வாசலில் நிறுத்தி மூன்றாவது பாடத்தை அவளுக்கு ஒப்பிப்பார். நாம் யார், எங்கே வேலை பார்க்கிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று மூச்சுவிடக் கூடாது. "வேலையைச் சொன்னா விலை ஏறும். அவசரம்னு தெரிஞ்சா அதுக்கு மேல ஏறும். நீ பேசாம இரு, நான் பார்த்துக்கறேன்." அவளும் பேசாமல் இருந்தாள். மூன்று சனிக்கிழமையும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இயந்திரத்திலிருந்து வந்த சர்க்கரைப் பாகு போன்ற காப்பியைக் குடித்துக்கொண்டு, ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாள். விற்பனைப் பெண்ணும் சார், சார் என்று அவரிடம்தான் பேசினாள். நிறம் பிடித்திருக்கிறதா என்பதைக்கூட அவரிடம்தான் கேட்டாள்.

முதல் வாரம் எழுந்து போனபோது வாசலுக்கு முன்பே கூப்பிட்டுத் தரை விரிப்பு இலவசம் என்றார்கள். இரண்டாம் வாரம் வண்டி நிறுத்துமிடம் வரை விட்டுவிட்டுக் கூப்பிட்டு, ஐயாயிரம் குறைத்தார்கள். இன்னும் இருபதாயிரம் குறைந்தால்தான் கையெழுத்து என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். இந்த வாரம் வண்டி நிறுத்துமிடம் வந்து, ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து மூடி, சாவியைப் போடுவதுபோல் போட்டு, துடைத்த பக்கக் கண்ணாடியை மறுபடி துடைத்தும் ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை.

"வருவாங்க," என்றார்.

வெயில் தகரக் கூரையில் அடித்து அப்படியே கீழே இறங்கியது. அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக் கனத்தை மாற்றிக்கொண்டு நின்றாள். கடையின் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு கணவனும் மனைவியும் செங்கல் நிறக் காரைச் சுற்றி வருவது தெரிந்தது. அந்த மனைவி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அவ்வளவு அகலமாகத் திறக்கிற கதவை அவள் எவ்வளவு அலட்சியமாகத் திறந்தாள் என்று இவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது விற்பனைப் பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். செருப்புச் சத்தம் தரையில் டக் டக்கென்று கேட்டது. சர்வேயர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்தது. 'சொன்னேனா இல்லையா' என்று ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"சார், இதை விட்டுட்டுப் போயிட்டீங்க," என்று மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவர் கையில் வைத்தாள் அந்தப் பெண். வேறொன்றும் சொல்லவில்லை. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடிவிட்டாள்.

அவர் கூட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். அதற்குள் ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர மற்ற எல்லாத் தடவையும் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த ஒரு தடவை, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் விலைக்கு வந்த வீடு. அங்கேயும் கூட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அவர் அதை எடுக்கப் போனபோது வேறொருவர் முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடு திரும்பி வந்தது, வீடு வரவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். அதைப் பற்றி அவர் இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

"நான் உள்ளே போறேன்," என்றாள்.

"இப்போ போனா எல்லாம் போச்சு. பத்து நிமிஷம் பொறு."

"அந்த வீட்டுக்கும் பத்து நிமிஷம்னுதான் சொன்னீங்க."

அவர் கையிலிருந்த கூட்டைக் குனிந்து பார்த்தார். அவள் நடந்தாள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் கணக்குக் கேட்டது. பின்னாலிருந்து அவர் கூப்பிடுவார் என்று பாதி எதிர்பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ, பழக்கம் அப்படி. கூப்பிடவில்லை.

உள்ளே அந்தக் கணவனும் மனைவியும் மாமனாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி மூலையில் நின்றார்கள். இவள் நேராக மேஜைக்குப் போய்க் கார்டை எடுத்து வைத்தாள். அந்த வண்டி எனக்கு, நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், முன்பணத்தை இப்போதே தேய்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தன் குரல் வார்டில் பேசுகிற குரலாக இருந்ததைத் தானே கவனித்தாள். விற்பனைப் பெண் வாசலைப் பார்த்தாள். சார் வரவில்லையா என்று கேட்டாள். வண்டி என் பெயரில்தானே, கையெழுத்து நான்தானே போட வேண்டும் என்றாள் இவள்.

படிவத்துக்கு ஏதாவது அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். காகிதமெல்லாம் இருக்கிற உறை வெளியே ஸ்கூட்டர் பெட்டியில், அவரிடம். போய்க் கேட்க அவளுக்கு மனமில்லை. கைப்பையைத் துழாவி ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பெண் அதைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், நீங்க நர்ஸா?"

"ஆமா."

"மூணு வாரமா ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்."

"நீயும் கேட்கலையேம்மா," என்றாள் அவள்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து மேனேஜர் அறைக்குள் போய் ஒரு தாளோடு திரும்பினாள். ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு வண்டிக் கம்பெனியே தருகிற சலுகையாம். கடைக்கு இதில் நஷ்டமில்லை, பேரமும் இல்லை. அட்டையைக் காட்டினால் போதும். வருடம் முழுவதும் உண்டு. தொகையை விரலால் சுட்டிக் காட்டினாள். நாற்பதாயிரம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சும்மா இரு, சும்மா இரு என்று சொல்லியே நாற்பதாயிரத்தைக் கைப்பைக்குள் பூட்டி வைத்த அவர் மேல் வந்தது. எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் சார், சார் என்ற இந்தப் பெண் மேல் வந்தது. எல்லாவற்றையும்விட, நாலு நாள் மருந்து சாப்பிடாத நோயாளியை ஒரே அதட்டலில் விழுங்க வைக்கிறவள், இங்கே வந்து மூன்று வாரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தாளே, அந்தத் தன் மேலேயே வந்தது. கார்டைத் தேய்த்தார்கள். ரகசிய எண்ணை அழுத்தினாள். மூலையில் நின்ற இருவரும் போனை வைத்துவிட்டு வந்தபோது, விற்பனைப் பெண் அவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது சர்வேயர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த பெரிய எழுத்துகள் முகத்தில் பாதியை மறைத்தன. இடைவெளி தேடிக் கொஞ்சம் குனிந்து உள்ளே பார்த்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். இருபதாயிரம் குறைத்தார்களா என்று கேட்கிறார். புருவமும் சேர்ந்து கேட்டது.

அவள் அசையவில்லை.

அவர் சற்று யோசித்து ஒரு விரலை மடக்கினார். பத்தாவது? அவள் அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் எதிரே உட்கார்ந்து கேட்காமலே அவர் தன் விலையைத் தானே இறக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் அந்தக் கூட்டை இறுகப் பிடித்திருந்தார்.

"இங்கே ஒரு கையெழுத்து மேடம்," என்றாள் விற்பனைப் பெண். அவள் தன் பெயரை முழுதாக, நிதானமாக எழுதினாள். மறுபடி பார்த்தபோது வெளியே அந்த ஒற்றை விரலும் பாதியாக மடங்கியிருந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டுத் தன் வலது கையைத் தூக்கினாள். அவர் கண்ணாடியில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் கிட்டே வந்தார். உயர்ந்த கையின் நாலு விரல்களும் இன்னும் மூடியே இருந்தன.