மூன்று முறை சொன்னவள்

பத்திரிகை ஆசிரியர் பின்காஸ் புலோரின் செய்தியில் சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு வரியை அடித்தார். 'கொதிகலனின் வால்வு பழுதாகியிருந்தது' என்ற வரி.

"சாட்சி யாரு?" என்றார். "பட்டறைத் தலைவர் 'வேலைக்காரியின் கவனக்குறைவு'ன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. நீ ஒரு ஆளோட பேரையாவது கொண்டா, போடுறேன். இல்லேன்னா அவரு சொன்னதுதான் வரும்."

புலோர் தாளை எடுத்துக்கொண்டாள். அவள் விரல்கள் முழுதாக மடங்காது. பதினொரு வயதிலிருந்து அதே பட்டறையின் கொதிநீர்த் தொட்டியில் பட்டுக்கூடு பிரித்த விரல்கள். பட்டறைச் சுவரில் ஒட்டும் கைப்பத்திரிகையில் எழுதி, அங்கிருந்து சோவியத் சமர்கண்டின் யூதத் தொழிலாளர் பத்திரிகைக்கு வந்து சேர்ந்து நான்கு வருடம். இன்றும் பென்சிலைக் கரண்டி மாதிரி முஷ்டியில்தான் பிடிப்பாள்.

செத்துப்போன சூலாய் அவள் பக்கத்துத் தொட்டிக்காரி. கொதிகலன் வெடித்து, உடம்பு வெந்து, இரண்டு நாள் கிடந்து செத்தாள். தெருப்பிள்ளைகள் இப்போதே அவள் மகளை 'பாய்லரை வெடிக்கவிட்டவ மக' என்று கூப்பிடுகிறார்கள். அதைவிட, பட்டறையில் மிச்சமிருக்கும் கொதிகலனின் வால்வும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருபது பெண்கள்.

அந்த இருபது பேரையும் புலோர் வீடு வீடாய்ப் போய்ப் பார்த்தாள். தேநீர் ஊற்றினார்கள், அழுதார்கள், பெயர் மட்டும் தரவில்லை. "உனக்கென்னடி, நாற்காலில உக்காந்து எழுதுற," என்றாள் தமாரோ. சூலாயின் நாத்தனார் அவள்.

முப்பதாம் நாள் நினைவு விருந்து. மதியம், சூலாயின் வீட்டில் ஆண்கள் பெரிய அறையிலும் பெண்கள் பக்கத்து அறையிலும் உட்கார்ந்தார்கள். நடுக்கதவு திறந்திருந்தது. பழத்துக்கும் ரொட்டிக்கும் ஆசி சொல்லி, மீனும் முட்டையும் சாப்பிட்டு, ஒவ்வொருவராகச் செத்தவளைப் பற்றி நல்ல வார்த்தை பேசினார்கள். பட்டறைத் தலைவர் நிசோனும் வந்திருந்தார். சூலாய்க்குத் தாய்மாமன் முறை. வராமல் இருக்க முடியாது. வந்தவர் பேசாமலும் இருக்க முடியாது. பேச்சென்றால் அவருக்குத் தேன்.

"எங்க சூலாய் மாதிரிப் பொறுப்பான பொண்ணை நான் பார்த்ததில்ல!" என்று குரல் தழுதழுக்க ஆரம்பித்தார். "பட்டறையைத் தன் வீடா நெனச்சா. வால்வு ஒழுகுது மாமான்னு மூணு தடவை என் அறைக்கு வந்தா. மூணு தடவை! 'உனக்கு வேற வேலையே இல்லையாம்மா'ன்னு நான்தான் சிரிச்சு அனுப்பிவச்சேன். அப்பேர்ப்பட்டவ!"

"ஆமா, ஆமா," என்று வழக்கம்போல் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பிறகு தலைகள் நின்றன. மென்றுகொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். நிசோன் ஒரு ஆப்பிள் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பக்கத்து அறையில் புலோர் அதை மடியில் வைத்து எழுதி முடித்திருந்தாள்.

வாசலில் நிசோன் வழிமறித்தார். "புலோரு, துக்க வீட்டுல பேசுனதை எழுதுறது அழகா?"

"நல்ல வார்த்தைதானே மாமா பேசுனீங்க? ஊருக்குத் தெரிய வேணாமா?"

"மேலிடத்துல சொல்லி மறுபடி தொட்டிக்கே அனுப்பிருவேன், தெரியுமா?"

"அனுப்புங்க. இந்தக் கையில வேகுறதுக்கு இன்னும் என்ன இருக்கு?"

பின்னாலிருந்து தமாரோ வந்தாள். கையில் மீன் வாடை. "நானும் கேட்டேன். என் பேரையும் போட்டுக்கோ," என்றாள். நிசோன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

பின்காஸ் தாளை இரண்டு முறை படித்தார். "சாமி கும்புட்ட இடத்துச் சேதியெல்லாம் சாமியே இல்லேன்னு எழுதுற நம்ம பத்திரிகையிலயா?" என்று முனகினார். சிவப்புப் பென்சில் வரிக்கு வரி இறங்கி வந்தது. அடிக்க எதுவும் அகப்படவில்லை. தலைவர் சொன்ன வார்த்தை, தலைவரின் பெயர், கீழே தமாரோவின் பெயர்.

"உன் வேலை போயிரும், தங்கச்சி."

"போகட்டும்ண்ணே. முதல்ல இது அச்சுக்குப் போகட்டும்."

அச்சுக்கோர்ப்பவர் கடைசி எழுத்தை வைக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. செவ்வாய்க்கிழமை வால்வை மாற்றினார்கள். அடுத்த மாதம் புலோர் பழைய தொட்டிக்குத் திரும்பினாள். மதிய இடைவேளைகளில், ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அங்கேதான் தன் முதல் புத்தகத்தை எழுதினாள். பதிப்பகத்தார் பெயர்களையெல்லாம் மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். சூலாய் மட்டும் சூலாயாகவே இருந்தாள்.