முப்பத்தேழாம் பத்தியின் ஓட்டை

வாயால் சொல்ல வேண்டியதை ஓர் ஓட்டையைச் சொல்ல விட்டவன் நான். அந்தப் பாவம் என்னை விடாது.

1964இல் மதராஸில் ஒரு கம்பெனியில், அட்டைகளில் ஓட்டை போடும் பிரிவில் இருந்தேன். ஆளுக்கு ஓர் அட்டை. எந்த நெடுக்குப் பத்தியில் எந்த எண்ணுக்குரிய இடத்தில் ஓட்டை என்று பார்த்தே இயந்திரம் ஆளின் கதையைப் படித்துவிடும். தென்காசியில் தங்கை குழல்வாய்மொழிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ஞானசம்பந்தம், எங்கள் கம்பெனியின் திருநெல்வேலிக் கிளையில் வேலை பார்த்தான். அவன் அட்டையைத் தேடி எடுத்தேன். முப்பத்தேழாம் பத்தி டாக்டர் சொன்னது. நாலு என்றால் குறையில்லை, ஒன்று என்றால் காசநோய். ஓட்டை ஒன்றாம் எண்ணில் இருந்தது.

வீட்டுக் கடிதங்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவது தங்கைதான். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அவளையே அதை வாசிக்க வைக்க எனக்குத் துணிவில்லை. அந்தப் பத்தியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அட்டையின் நகலை அனுப்பினேன். அப்பாவே எண்ணிப் பார்க்கட்டும், நாலானால் பேசி முடிக்கலாம், ஒன்றானால் வேண்டாம் என்று மட்டும் எழுதினேன்.

பதில் தபாலில் தாமதமாகி வந்தது. நாலுதான் என்றும், ஆடி பிறக்கும் முன்னே ஆனி இருபத்தெட்டு காலை ஏழரைக்கு முகூர்த்தம் என்றும் இருந்தது. அன்றுதான் ஆனி இருபத்தெட்டு. மணி பத்தரை.

ரயிலில் போகும்போதுதான் உறைத்தது. எங்கள் அட்டையில் எண் அச்சிட்டிருக்காது. மேலே இரண்டு வரி வேறு காரியத்துக்கு, மூன்றாவது வரி பூஜ்யம். ஒன்றுக்கான இடம் மேலிருந்து நாலாவது. எங்கள் கைக்குப் பழகிப்போன இதை எழுத மறந்திருந்தேன்.

மறுநாள் வாசலிலேயே அப்பா பெருமையாகச் சொன்னார். "மேல இருந்து வெரல வச்சு நானே எண்ணுனேம்லே. நாலுதான்."

புதுமணத் தம்பதி குற்றாலத்துக்குப் போயிருந்தார்கள். மாலையில் ஈரத் தலையோடு வந்தார்கள். ஞானசம்பந்தம் நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். தங்கை என் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணே, அவுக நேத்துல இருந்து இருமுதாக. சாரல் ஒத்துக்கலையோ?"

அந்த நோய்க்கு மருந்து வந்துவிட்ட காலம் அது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் கழுத்துத் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

"சுக்குக் கசாயம் வச்சுக் குடு, சரியாப் போவும்" என்றேன்.