மாஸ்டரின் இடது கை

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அந்த அம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று தோண்டித் துருவாவிட்டால் சாப்பாடு இறங்காது. டிரைவிங் பள்ளியில் சேர்ந்த வேகத்தில் 'கேள்வியம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது.

இன்றைக்கு அந்தக் கேள்வியம்மா, ஒர்க் ஷாப் ஸ்டூலில் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் லைசென்ஸ் டெஸ்ட். ஆசிரியர் பக்கமும் பிரேக் வைத்த டிரைவிங் பள்ளி வண்டியில்தான் டெஸ்ட் கொடுக்க முடியும். அந்த வண்டியோ பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. கணவருக்குக் கண் மங்கிப்போனதில் வீட்டுக் கார் தூசி படிந்து கிடக்கிறது. இந்தத் தடவையும் தவறினால் அதை விற்றுவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

போன வாரம் அவர் ஓட்டும்போதுதான் என்ஜின் கொதித்து, குபுகுபுவென்று ஆவி கிளம்பி, வண்டி நடுரோட்டில் நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டிரைவிங் சொல்லித்தரும் மாஸ்டரின் மைத்துனர்தான் மெக்கானிக். வெடித்த ஹோஸை மாற்றி, புது கூலன்ட் ஊற்றி, ரேடியேட்டரைக் குளிப்பாட்டியும் விட்டார். வண்டி ஸ்டார்ட் ஆனால்தானே!

"ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது மாமா. பொறியும் வருது. ஆனா பிளக்கைக் கழட்டிப் பார்த்தா காய்ஞ்சு கிடக்கு. பெட்ரோலே வரல. சூட்டுல பம்ப் போயிருக்கும். புதுசு நாளைக்குத்தான் கிடைக்கும்."

"டெம்பரேச்சர் முள்ளு ஏறுறதை இந்தம்மா ஒரு தடவை பார்த்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமாடா?" என்றார் மாஸ்டர்.

கேள்வியம்மா கூனிக் குறுகிப் போனார். தன் கைராசியே அப்படித்தான் என்று அவருக்கு நினைப்பு. சிக்னல், பள்ளிக்கூட வாசல், மேம்பாலம் என்று அவர் ஓட்டினால் வண்டி கண்ட இடத்தில் அணைந்துபோகும். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். ஆனாலும் பாழாய்ப்போன மூளை சும்மா இருக்க வேண்டுமே.

"தம்பி, பெட்ரோல் பம்ப் எங்க இருக்கு?"

"பின்னாடி, டேங்குக்குள்ளம்மா."

"முன்னாடி கொதிச்சதுக்குப் பின்னாடி இருக்கிறது ஏன் கெடணும்?"

மாஸ்டர், ஆரம்பிச்சுட்டாங்கடா சாமி என்பது போல மேலே பார்த்தார்.

"எங்க லேப்ல ஒரு சோதனை சொதப்பினா முதல்ல இருந்து அதே வரிசையில செஞ்சு பார்ப்போம். அன்னைக்கு நடந்ததை அப்படியே செய்வோமே. மாஸ்டர், நீங்க உங்க சீட்ல உட்காருங்க."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை நேரமும் டிரைவர் சீட்டில் ஏறி இறங்கினார்களே ஒழிய, மாஸ்டர் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். கேள்வியம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"கடைத்தெரு தாண்டுறேன். ஆவி வருது. ஐயய்யோ மாஸ்டர்!"

உண்மையிலேயே காது கிழியக் கத்தினார். மாஸ்டரின் வலது கால் பிரேக்குக்குப் போனது. இடது கை, அவரைக் கேட்காமலேயே, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்தது. டக்கென்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். பிரேக்கை அவர் மிதித்தாலும் ஆக்ஸிலேட்டரை விடாத ஒரு மகானுபாவருக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு, பெட்ரோல் பம்பை நிறுத்த அவர் ரகசியமாக வைத்த சுவிட்ச் அது. தெரிந்தால் ஓட்டுபவருக்கு அலட்சியம் வந்துவிடும் என்று ஒருவருக்கும் சொல்வதில்லை. அவர் கை அதைத் தட்டும், பிறகு தானே திரும்பத் தட்டிவிடும். அன்றைக்கு ஆவியைக் கண்ட பதற்றத்தில் திரும்பத் தட்டாமல் இறங்கிவிட்டார். இப்போது தட்டியதில் பம்புக்கு மறுபடி உயிர் வந்திருந்தது.

கேள்வியம்மா சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். கேள்வியம்மா சிரிக்கவில்லை.

"மாஸ்டர், கிளட்சை விட்டுட்டா வண்டி குலுங்கி நிக்கும். என் கையில குலுங்காமலேயே நிக்குதேன்னு எத்தனை தடவை கேட்டேன்? சிக்னல்ல நின்னுதே, அது?"

"அது... நான்தாம்மா. பக்கத்துல லாரி வந்துச்சு."

"பள்ளிக்கூட வாசல்ல?"

"அதுவும்தான்."

"மேம்பாலம்?"

மாஸ்டர் அசடு வழியத் தலையாட்டினார். "ஒருத்தர்கிட்ட பட்டதுல இருந்து யார் ஓட்டினாலும் எனக்குப் படபடப்பும்மா. மன்னிச்சுக்குங்க."

கேள்வியம்மாவுக்குக் கோபம் பொங்கியது. அதைவிட வேகமாகச் சந்தோஷம் வந்தது. சத்தம் போட வாயெடுத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட் பெல்ட்டைப் போட்டார்.

"ரெண்டு கையையும் மடியில வைங்க மாஸ்டர்."

டெஸ்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு லாரி உரசுவது போல வந்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் தன் விரல்களைத் தானே நெரித்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா மாஸ்டர்?"

"இருக்கும்மா."

"எனக்கு இல்ல," என்றபடி கேள்வியம்மா முதல் கியரைப் போட்டார்.