புதுச் சீருடை வரிசை

பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைக் கனகவல்லி காலையிலிருந்து பல தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வங்காளத்துப் பெஹாலாவில் அந்தச் சந்துக்குள் நுழைகிற யார் கண்ணிலும் படாமல் போகாத அளவுக்குப் பெரிய ஃப்ளெக்ஸ். ஆண்டு விழாவுக்காக அடித்தது. வரிசை வரிசையாகக் குழந்தைகளின் முகம், முகத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே அந்தக் குழந்தை ஏப்ரலில் போய்ச் சேரப்போகிற பெரிய பள்ளிக்கூடம். நடுவில், எல்லா முகங்களையும்விடப் பெரிதாகத் தலைமையாசிரியை கனகவல்லியின் முகம். தன் படத்தைச் சின்னதாகத்தான் போடச் சொன்னதாகவும் கடைக்காரன் கேட்கவில்லை என்றும் அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

தன்னை விட்டுப் போகிற பிள்ளைகளின் படத்தை வாசலில் மாட்டிவைத்துப் பெருமைப்படுகிற பள்ளிக்கூடம் வேறெங்காவது உண்டா தெரியாது. சங்கத்துப் பள்ளியில் உண்டு. கிடர்பூர் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்த தமிழர்கள் ஒரு சங்கம் வைத்து, அந்தச் சங்கம் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்திவந்த ஆரம்பப் பள்ளி அது. ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரை. கனகவல்லி பொறுப்பேற்றபோது அதற்குப் பெரிய பேர் ஒன்றும் கிடையாது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேருகிற இடம் என்றுதான் ஊரில் நினைத்திருந்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளிலும் வரவழைத்து, பெரிய பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தார். கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. பள்ளிக்குப் பேரும் கிடைத்தது.

சீருடை வழக்கம் தற்செயலாக வந்தது. ஓர் ஆண்டு விழாவுக்கு ஒரு பையனை அவன் அம்மா புதுப் பள்ளியின் கோட்டும் டையும் மாட்டி அழைத்துவந்துவிட்டாள். கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கியது, ஆசை தாங்கவில்லை போலிருக்கிறது. அவனை மேடையில் பார்த்ததும் கூட்டம் கைதட்டியது. கனகவல்லி அந்தக் கைதட்டலை மறக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து இடம் கிடைத்த பிள்ளைகளெல்லாம் புதுப் பள்ளியின் சீருடையில் மேடையேற வேண்டும் என்று ஆக்கிவிட்டார். விழாவிலேயே எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான். நடனமாடுகிற பிள்ளைகளைப் பார்த்து, இவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று ஜனங்கள் செல்போனைத் தயாராக வைத்திருப்பார்கள்.

பேர் வந்தால் ஆசையும் வரும். நான்காம் வகுப்போடு நின்றது மூன்றாம் வகுப்புக்கு வந்தது, பிறகு இரண்டுக்கு இறங்கியது. சின்ன வகுப்பிலேயே சேர்த்தால் இடம் சுலபம் என்று கனகவல்லியே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார். விண்ணப்பத்தைக்கூடத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார். இரண்டாம் வகுப்பு ஆசிரியை ரஞ்சனா ஒருநாள் அவர் அறைக்கு வந்து, எல்லோரையும் அனுப்பிவிட்டால் அடுத்த வருஷம் நாம் யாருக்குப் பாடம் நடத்துவது தீதி என்று வங்காளியில் கேட்டாள். பிள்ளைகள் முன்னேறுவது உனக்குப் பிடிக்கவில்லையா என்று கனகவல்லி திருப்பிக் கேட்டார். ரஞ்சனா வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். முதல் வகுப்புக்குப் புதிதாக ஆள் சேராதது கனகவல்லிக்கும் தெரியும். விழா நடந்தால் தானாக வருவார்கள் என்று ஒரே முடிவாக இருந்தார்.

இந்த வருஷம் அவருக்கு வேறு ஒரு அவசரமும் இருந்தது. சங்கத்துச் செயலாளர் வெங்கட்ராமன், துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், டிசம்பரில் அவரை அழைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். கமிட்டியில் சிலர் பள்ளியை மூடிவிட்டு, இடத்தைக் கல்யாணம் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். வருஷக் கடைசியில் சாதனை என்று காட்ட ஏதாவது இருந்தால் காட்டுங்கள், பேசிப் பார்க்கிறேன் என்றார். கனகவல்லிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாதவர். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஒரு வாடகை ஃப்ளாட்டும் ஒரு தொலைக்காட்சியும்தான். காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு குழந்தையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. பெற்றோர் கிடைத்தால் போதும், அப்ளை பண்ணியாச்சா, அப்ளை பண்ணியாச்சா என்று நச்சரித்தார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்தது, இரண்டாம் வகுப்பு சத்யப்ரியாவைத் தவிர. அவள் அப்பா பிரேம்குமார் சேலத்திலிருந்து கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர். அம்மா பூங்கோதைக்கு வங்காளியும் வராது, இங்கிலீஷும் வராது. அப்ளை பண்ணியாச்சா என்று கேட்டபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவைத்திருந்தாள். விழாவுக்கு முதல்நாள் கனகவல்லி அவளை வாசலில் நிறுத்தி, எந்த ஸ்கூலில் கிடைக்கவில்லை என்று கேட்டார். பூங்கோதை எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தில் குனிகிறாள் என்று எடுத்துக்கொண்டு, கனகவல்லி தணிந்த குரலில், ரொம்பப் பெரிய மனசோடு சொன்னார்.

"பரவாயில்லைம்மா. நாளைக்குப் பாப்பாவை மேடைக்கு அனுப்ப வேண்டாம். சாதா ஃபிராக் போட்டுக் கூட்டிட்டு வாங்க, பின்னால உக்காருங்க. எல்லாரும் கோட் போட்டு நிக்கிற இடத்துல இவ மட்டும் நம்ம பழைய யூனிஃபார்ம்ல நின்னா வரிசை நல்லா இருக்காது."

பூங்கோதை சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

விழா அமர்க்களமாகத்தான் நடந்தது. சங்கத்து ஹாலில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கடைசியில் புதுச் சீருடை வரிசை வந்தது. பச்சைக் கோட்டு, நீலக் கோட்டு, கட்டம் போட்ட பாவாடை, வெள்ளைச் சட்டையில் தங்க நூல் முத்திரை. மார்ச் மாத வெக்கையில் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு குழந்தைகள் மேடை கொள்ளாமல் நின்றன. ஊரிலுள்ள பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் அந்த மேடையில் இருந்தது, சங்கத்துப் பள்ளி ஒன்றுதான் இல்லை. கனகவல்லிக்கு அது உறைக்கவில்லை. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே பேசினார்.

"நம்ம ஸ்கூல் சரித்திரத்துலேயே இப்படி நடந்ததில்லை. இந்த வருஷம் ஒரு குழந்தைகூட விடுபடலை. எல்லாருக்கும் பெரிய ஸ்கூல்ல இடம் கிடைச்சாச்சு."

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது கடைசி வரிசைப் பக்கம் அவர் பார்வை போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் வெங்கட்ராமன் எழுந்தார். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்தால் இங்கிலீஷ்தான். மேடத்தின் உழைப்பைப் புகழ்ந்தார். நம் முன்னோர்கள் எதற்காக இந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள், நம் பிள்ளைகள் இந்த ஊரின் நல்ல பள்ளிகளில் படிக்கும் நிலைக்கு வர வேண்டும் என்பதற்காக, அந்த நிலை இன்று வந்துவிட்டது என்று தலைமையாசிரியையே அறிவித்துவிட்டார் என்றார். ஒரு குழந்தைகூட மிச்சமில்லை என்றார். ஆகையால் இந்தப் பள்ளி தன் கடமையை முடித்துக்கொண்டு, இந்த மாதக் கடைசியோடு மரியாதையாக விடைபெறுகிறது என்றார். பிறகு ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை விரித்துக் கனகவல்லியின் தோளில் போர்த்தினார். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. சீருடை வரிசைக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல்.

பொன்னாடை முன்கூட்டியே வாங்கி வைத்தது என்பது கனகவல்லிக்கு அப்போதே புரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பை உடனே எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். போட்டோ எடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும் வெங்கட்ராமனை ஓரமாக நிறுத்தி, பேசிப் பார்ப்பதாகச் சொன்னீர்களே என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை.

"நீங்க சொன்னதைத்தானேம்மா நான் சொன்னேன்? இதுல நான் புதுசா ஒரு வார்த்தை சேர்த்தேனா?"

சேர்க்கவில்லை. யாராவது ஒரு பெற்றோர் எழுந்து மூடக் கூடாது என்று சொல்லமாட்டார்களா என்று கனகவல்லி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பிள்ளையின் டையைச் சரிசெய்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏற்கனவே வேறு பள்ளிக்கூடத்துப் பெற்றோர். அங்கே போவதற்கு வழி சொன்னதும் அவர்தான். ஒரு தகப்பனார் வந்து, நல்ல முடிவு மேடம், நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். ரஞ்சனா தன் வகுப்பு அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் எதையாவது குத்திக்காட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவள் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஹால் காலியானதும் பூங்கோதை பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு சத்யப்ரியா. ஃபிராக் இல்லை. சங்கத்துப் பள்ளியின் அரக்குப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும், துவைத்து இஸ்திரி போட்டு. இதுதான் வேணும்னு ஒரே அழுகைங்க என்று பூங்கோதை மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மேடம், ஏப்ரல்ல ஸ்கூலு என்னைக்குங்க தொறக்கறீங்க?"

கனகவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தார். செயலாளர் பேசியது இவளுக்குப் புரியவில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், இவளும் எழுந்து கைதட்டியிருக்கிறாள்.

"உங்களுக்குத்தான் எங்கேயும் கிடைக்கலையே" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"நாங்க எங்கயுமே கேக்கலீங்க. இங்க வந்த புதுசுல ஒரு பெரிய ஸ்கூல்லதான் போட்டோம். பாப்பா வருஷம் பூரா வாயே தொறக்கல. இங்க வந்துதாங்க பேசுனா, சிரிச்சா. நம்ம ஸ்கூலே போதும்னு அவங்க அப்பாவும் சொல்லிட்டாரு."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"எங்க கிடைக்கலன்னுதானுங்க நீங்க கேட்டீங்க. வேண்டாம்னு விட்டோம்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு பேசாம இருந்துட்டேன்."

இவ்வளவு பேரில் இந்தப் பள்ளிக்கூடம் போதும் என்று நினைத்தவள் ஒருத்திதான். அவளைத்தான் பின்னால் உட்காரச் சொல்லியிருந்தார். அதே குழந்தையை மேடையில் நிறுத்தி, இவள் இங்கேயே படிக்கப் போகிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒருத்திகூட மிச்சமில்லை என்று வெங்கட்ராமன் சொல்லியிருக்க முடியாது. அவர் வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார், அது வேறு. ஆனால் வழியைத் தானே எடுத்துக் கொடுத்திருக்க வேண்டாம். கனகவல்லிக்குத் தன்மேல் அடக்க முடியாத வெறுப்பு வந்தது. பொன்னாடையைத் தோளிலிருந்து இழுத்து நாற்காலியில் போட்டார்.

"ஸ்கூலை மூடறாங்கம்மா" என்றார். "ஏப்ரல்ல திறக்காது."

வாசல் ஃப்ளெக்ஸில் தன் மகள் படம் இல்லாததும், மேடைக்கு வரவேண்டாம் என்று சொன்னதும், பழைய சீருடையோடு வந்துவிட்டதும் எல்லாம் பூங்கோதைக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தையின் தோளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"பாப்பாவைத்தான் வேண்டாங்கறீங்களா மேடம்? இனிமே நல்லா படிப்பாளுங்க. நான் வீட்டுல உக்காந்து சொல்லித் தரேன். இந்த ஒரு வருஷம் வச்சுப் பாருங்க. நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா சொல்லுங்க, திருத்திக்கறோம்."

தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லக் கனகவல்லி வாயெடுத்தார். பின்னே யாருடையது என்று அவள் கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கனகவல்லி, பக்கத்தில் இன்னொரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, பாப்பாவுக்கு நானே விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்று சொன்னார்.