புஜ்ஜியின் வாய்க்குள் விட்ட கை

கன்னிகா நகரியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகிச் சத்தியவேட்டுப் பக்கம் வரும்வரை ஒரு மாட்டின் மடியைத் தொட்டதில்லை. கணவன் லோகேஸ்வரன் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்விட, வீட்டை ஒட்டிய நிலமும் இரண்டு குட்டை மாடுகளும் அவள் பொறுப்பாயின. இடுப்புயரத்துக்கு மேல் வளராத புங்கனூர்க் கலப்பு. பெரிய மாட்டுக்கு ஆகும் தீனியில் பாதி போதும். வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பால் கொடுக்கும். மழை விழுந்தால் அதே இரண்டையும் நுகத்தில் பூட்டி வேர்க்கடலைக் கொல்லையை உழுதுவிடலாம். கறக்கிற மாட்டையா ஏரில் கட்டுகிறாய் என்று அவள் அம்மா ஒருமுறை முகம் சுளித்தாள்.

"இந்தப் பக்கம் அப்டித்தாம்மா. நான் மட்டும் ஒரு வேலெயோட உக்காந்துக்கினா கீறேன்?" என்று கன்னிகா சிரித்தாள்.

மூத்தது புஜ்ஜி. காலடியில் கன்று நின்றிருந்தது. இளையது லச்சி.

மாம்பழக் காலத்தில் ஒரு நாள் புஜ்ஜி தீனியைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாய் வடிந்தது. கத்தியபோது குரல் உடைந்து, யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் வந்தது. முதல் நாள் மாந்தோலும் கொட்டையும் போட்டிருந்தாள். கொட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டதென்று நினைத்தாள். லோகேஸ்வரன் வேலையில் இருந்தான். எதிர்வீட்டு சம்பத்தைக் கூப்பிட்டாள்.

சம்பத்தும் ஸ்ரீசிட்டியில் காண்ட்ராக்ட் வேலைதான். ஆனால் மாட்டு வேலை என்றால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வருவான். அன்றும் மதிய ஷிப்டுக்குச் சட்டை மாட்டியவன், கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வந்தான்.

"நீ கொம்பெ புட்ச்சிக்கோக்கா. நான் பாக்கறேன்."

நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டான். புஜ்ஜி திமிறியது. கையை உருவியபோது புறங்கையில் கடைவாய்ப் பல் கீறி ரத்தம் கசிந்தது.

"ஒண்ணும் ஆப்டலக்கா" என்றவன், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை கால்நடை டாக்டரம்மா வந்தார். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். "குக்க ஏமன்னா கரிச்சிந்தா?" என்று தெலுங்கில் கேட்டார்.

நாயா? கன்னிகாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மேய்ச்சலில் ஒரு தெருநாய் புஜ்ஜியின் பின்னங்காலைக் கவ்வியது; அவள் குச்சியால் விரட்டி, மஞ்சள் அப்பிவிட்டாள். காயம் ஆறியும் போயிற்று.

"வெறிநோய். வைத்தியம் இல்ல. யாரும் கிட்ட போகக் கூடாது. வாயில கை வச்சவங்க இன்னிக்கே ஊசி போட்டாகணும்" என்றார் டாக்டரம்மா. கன்றுக்கும் லச்சிக்கும் தடுப்பூசி போட்டுவிட்டுப் போனார்.

கன்னிகா சம்பத்தை இழுத்துக்கொண்டு சத்தியவேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருவருக்கும் முதல் ஊசி போட்டார்கள். சம்பத்தின் கீறலைப் பார்த்த டாக்டர், ஊசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து ஒன்று இருக்கிறது, இப்போதே திருப்பதிக்குப் போங்கள், மிச்ச ஊசிகளையும் தவறவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் சம்பத் நின்றுவிட்டான்.

"இன்னிக்கி ஷிப்டு உட்டா ஆளெ மாத்திடுவான்க்கா. நாளிக்கி போறேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு, காதுல விழல?"

"நாளிக்கி கண்டிப்பா. ரேகா கிட்ட மட்டும் சொல்லாத. போன தடவெ கரு கலைஞ்சதிலேந்து எதுக்கெடுத்தாலும் பயப்படுறா. இப்ப மறுபடி மாசமா கீறா. இரும்பு கீறிட்ச்சின்னு சொல்லிக்கறேன்."

கன்னிகா தலையாட்டினாள். பயந்துபோயிருக்கும் அவன் மனைவியை மேலும் பயமுறுத்துவானேன் என்றுதான் அப்போது பட்டது.

புஜ்ஜி சாக நேரம் எடுத்துக்கொண்டது. கயிறு இறுகி இறுகிக் கழுத்துத் தோல் உரிந்தது. கட்டியிருந்த வேப்பமரத்தில் முட்டி முட்டி ஒரு கொம்பு முறிந்தது. தள்ளிக் கட்டிய கன்று பாலுக்குக் கத்த, அந்தக் குரலுக்குப் புஜ்ஜி ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பியது. கன்னிகா வீட்டுக்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்டியது. சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

அவள் தன் ஊசிகளை ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் சம்பத்தின் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவன் சைகையாலேயே, உள்ளே ரேகா இருக்கிறாள், பேசாதே என்பான். பிறகு வெளியே வந்து கையைக் காட்டுவான்.

"பாரு, தழும்பு கூட மறைஞ்சிட்ச்சி. சும்மா பயமுறுத்தறாங்கக்கா."

"ரேகா கிட்ட சொல்லப் போறேன்."

"சத்தியம் பண்ணிக் கீற."

சத்தியம் எதுவும் பண்ணவில்லை, தலைதான் ஆட்டினாள். ஆனாலும் சொல்லவில்லை. நாளாக ஆக, அவளும் அதை மறந்து போனாள்.

ஆடி முடிந்த சமயம். ரேகா தலைவிரிகோலமாய் ஓடிவந்தாள்.

"அக்கா, அவருக்கு இன்னாமோ ஆயிட்ச்சி. ரெண்டு நாளா கையில எறும்பு ஊர்ற மாதிரி கீதுன்னார். இப்ப தண்ணி குடிக்க மாட்டேங்கறார். சொம்பெ பாத்தாலே தொண்டெ இழுக்குது."

கன்னிகா தவிட்டுக்கூடையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆட்டோவில் திருப்பதிக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் சம்பத் தெளிவாகவே பேசினான். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. எதிர்க்காற்று முகத்தில் பட்டதும் உடம்பு விறைக்கும். அடங்கியதும் மன்னிப்புக் கேட்பதுபோல் எல்லாரையும் பார்ப்பான். ஒருமுறை கன்னிகாவின் கையைப் பற்றி, "அந்தக் கன்னுக்குட்டி நல்லா கீதாக்கா?" என்று கேட்டான்.

"நல்லா கீது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தார்கள். மறுநாள் மதியம் இறந்துபோனான்.

காரியம் முடிந்த பிறகு கன்னிகா ரேகாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். லோகேஸ்வரன் வேண்டாமென்றான், இப்போது சொல்லி யாருக்கு என்ன பயன் என்றான். அவள் கேட்கவில்லை. கூப்பிட்டது, அவன் மாட்டு வாய்க்குள் கை விட்டது, பஸ் ஸ்டாண்டில் தலையாட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

ரேகா அழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தெ சொல்லியிருந்தா, சட்டையெ புட்ச்சி இழுத்துக்கினு போயிருப்பேன். வேலெ போனா போவுதுன்னு சொல்லியிருப்பேன். நான் பயந்தவதான். அந்தப் பயம் அவரெ காப்பாத்தியிருக்கும்."

கன்னிகா அவள் கையைத் தொடப் போனாள்.

"எழுந்து போங்கக்கா" என்றாள் ரேகா.

அதன்பின் அந்த வீட்டிலிருந்து பால் வாங்க யாரும் வரவில்லை. ரேகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கன்னிகா எட்டிப் பார்க்கவும் துணியவில்லை.

ஐப்பசி மழை விழுந்தது. ஊரில் எல்லார் நிலமும் உழுதாயிற்று. சம்பத்தின் துண்டு நிலம் மட்டும் கோரை மண்டிக் கிடந்தது. வரப்பு குறுகல், டிராக்டர் இறங்காது. லோகேஸ்வரன் லச்சிக்கு ஒற்றை மாட்டு நுகம் செய்து வைத்திருந்தான். ஒரு காலை, யாரையும் கேட்காமல், கன்னிகா லச்சியை அங்கே ஓட்டிக்கொண்டு போய் ஏரைப் பூட்டினாள். ஒற்றை மாடு மெதுவாகத்தான் இழுத்தது. சால் கோணியது. பாதி நிலம் முடிவதற்குள் கன்னிகாவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

நிமிர்ந்தபோது வரப்பில் ரேகா நின்றிருந்தாள். தோளில் கைக்குழந்தை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. போகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்து, கன்னிகா ஏரைத் தூக்கினாள்.

"அந்த மூலெ உட்டுப் போச்சி" என்றாள் ரேகா. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கன்னிகா லச்சியை மூலைப் பக்கம் திருப்பினாள்.